சபைக் கணக்கில் குறை தெரிகிறது. பொருளாளர் என் பெரியப்பா. உறவை இழக்காமல் எப்படிக் கேட்பது?

கேள்வி
பதிந்தவர்: கமிட்டி உறுப்பினர், நெல்லைப் பக்கம்

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் ஊர்ச் சபையின் கமிட்டிக்கு இந்த முறை நானும் தெரிந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். பொருளாளர் என் பெரியப்பா. பல ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருக்கிறார். அவரைக் குறித்துக் குறைவாகப் பேசியவர்கள் ஊரில் யாரும் இல்லை. நான் பள்ளியில் படிக்கும்போதே என் தகப்பனார் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியதும், மழைக்கு ஒழுகிய எங்கள் வீட்டு ஓட்டை மாற்றித் தந்ததும், எனக்கு ஞானத்தகப்பனாக நின்றதும் அவர்தான்.

ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பாக அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம்விட்ட கணக்கையும், அசனம் என்கிற சபை விருந்தின் கணக்கையும் சரிபார்த்து எழுதிவைக்கும் வேலை என்னிடம் வந்தது. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைக் கூட்டினால் வருகிற தொகைக்கும், பாஸ்புத்தகத்தில் வரவாகியிருக்கிற தொகைக்கும் 80,000 ரூபாய்க்குச் சற்று மேல் வித்தியாசம் இருக்கிறது. மூன்று தடவை வெவ்வேறு விதமாகக் கூட்டியும் அதே தொகைதான் வருகிறது. பண்டிகை முடிந்த அதே மாதத்தில் பெரியப்பா வீட்டில் அக்காவின் நிச்சயதார்த்தம் நடந்தது. திருமணம் தை மாதத்தில் வைத்திருக்கிறார்கள். இவை இரண்டையும் இணைத்துப் பார்க்க என் மனம் கூசுகிறது. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். “உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே; முடிந்தால் அந்தப் பணத்தை நீயே கட்டிவிட்டுப் பேசாமல் இரு” என்று அழுதார்கள். பெரியப்பாவின் பெயரைச் சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோலக் கமிட்டியில் உள்ள ஒரு நண்பரிடம் கேட்டேன். கூட்டத்தில் எழுந்து நேரடியாகக் கேட்பதுதான் யோக்கியம், தனியாகப் போய்ப் பேசினால் நாளை நானும் உடந்தை என்று சொல்லிவிடுவார்கள் என்றார். குற்றஞ்செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிற மத்தேயு 18ஆம் அதிகாரம் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே “உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால்” என்றல்லவா இருக்கிறது? இங்கே குற்றம் நடந்திருந்தால் அது சபைக்கு விரோதமானது. அப்படியானால் தனியாகப் போக எனக்கு உரிமை உண்டா? என்னைவிட மூத்தவரிடம், அதுவும் தகப்பன் ஸ்தானத்தில் இருக்கிறவரிடம், எந்த முகத்தோடு போய் நிற்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1
ஓய்வுபெற்ற குருவானவர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டதில் உங்கள் பெரியப்பாவைப் பற்றிய கவலை முதலில் இருக்கிறது, பணத்தைப் பற்றிய கவலை பிறகுதான் வருகிறது. அது நல்லது, அந்த வரிசையை மாற்றாதீர்கள். இப்படிப்பட்ட காரியங்களைப் பல சேகரங்களில், அதாவது சபை வட்டாரங்களில், பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: சபைகள் இரண்டாக உடைந்ததற்குக் கணக்கில் இருந்த குறை அபூர்வமாகவே காரணம். அந்தக் குறையை முதலில் யாரிடம் சொன்னார்கள் என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருந்தது. சம்பந்தப்பட்டவரிடம் சொல்வதற்கு முன்பு தேநீர்க்கடையில் சொன்னார்கள், மைத்துனரிடம் சொன்னார்கள், வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு மனந்திரும்ப இடமே இல்லாமல் போய்விடுகிறது. தம் பெயரைக் காப்பாற்றுவதற்கான போராட்டம் ஒன்றே அவருக்கு மிஞ்சுகிறது.

மத்தேயு 18:15ஐ மட்டும் தனியே பிடுங்கி எடுத்து ஒரு சட்டப் பிரிவைப்போல வாசிப்பது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். அந்த வசனத்துக்குச் சற்று முன்பாகத் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, சிதறிப்போன ஒன்றைத் தேடி மலைகளுக்குப் போகிற மனுஷன் வருகிறான். சற்றுப் பின்பாகப் பேதுரு, எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்க, ஏழெழுபது தரம் என்கிற பதில் வருகிறது; உடனே, பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன் தன் உடன்வேலைக்காரனை நூறு வெள்ளிப்பணத்துக்காகத் தொண்டையைப் பிடித்து நெரிக்கிற உவமை வருகிறது. தேடிப்போகிறவனுக்கும் மன்னிக்கப்பட்டவனுக்கும் நடுவில்தான் “நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து” என்கிற வார்த்தை வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் தணிக்கையாளராகப் போகவில்லை, தேடிப்போகிறீர்கள். அந்த வசனம் எங்கே போய் முடிகிறது என்பதையும் கவனியுங்கள்: “உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்.” அவரிடம் போவதற்கு இதைத் தவிர வேறு நோக்கம் உங்களுக்கு இருக்கக்கூடாது.

சபைக்கு விரோதமான குற்றத்தில் தனியாகப் போக உரிமை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. லேவியராகமம் 19:17இல், “உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாயாக”, அதாவது பகைக்காதே, என்று சொன்ன கையோடு, பிறன்மேல் பாவம் சுமராதபடி அவனை எப்படியும் கடிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே பகைக்கு எதிராக நிற்பது மௌனம் அல்ல, கடிந்துகொள்ளுதல். தெரிந்தும் பேசாமல் இருப்பவர் தம் உள்ளத்தில் மெல்ல மெல்ல அந்த மனிதரை வெறுக்கத் தொடங்குகிறார். நீங்கள் பெரியப்பா வீட்டில் இனி உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அந்தத் தொகை உங்களுக்கு நினைவு வரும். உறவைக் காப்பாற்றுவதாக நினைத்து மௌனமாயிருந்தால், உள்ளே உறவு ஏற்கெனவே போய்விட்டிருக்கும்.

ஆனால் தனியாகப் பேச உரிமை இருக்கிறதே தவிர, தனியாக மன்னித்து முடித்துவிட உரிமை இல்லை. அந்தப் பணம் ஏலத்தில் ஒரு வாழைத்தாரைக் கடைவிலையைவிட நாலு மடங்குக்குக் கேட்டு எடுத்த ஜனங்களுடையது. பீடிச் சுற்றும் கூலியிலிருந்து அசனத்துக்கு அரிசி கொடுத்த தாய்மாருடையது. உங்களுக்குச் சேராத கடனை நீங்கள் தள்ளுபடி செய்ய முடியாது. இந்த எல்லையை உங்கள் மனதில் தெளிவாக வைத்துக்கொண்டு போனால், தனியாகப் பேசுவது மூடிமறைப்பதாக மாறாது.

மூத்தவரிடம் எந்த முகத்தோடு போவது என்றீர்கள். பவுலின் உடனூழியனான தீமோத்தேயுவும் இளைஞன்தான். “முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல், அவனைத் தகப்பனைப்போல” பாவித்துப் புத்திசொல்லும்படி பவுல் அவனுக்கு எழுதினார். புத்திசொல்ல வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. தகப்பனிடம் எந்தக் குரலில் பேசுவீர்களோ அந்தக் குரலில் பேசுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கிற கோயில் வாசலில் வேண்டாம், போனில் வேண்டாம், பெரியம்மாவும் அக்காவும் காதில் கேட்கிற தூரத்தில் வேண்டாம். ஒரு காலைவேளையில் அவர் தோட்டத்துக்குப் போகும்போது கூடப் போங்கள். அடிக்கட்டைகளின் கூட்டுத்தொகையை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். “பெரியப்பா, பண்டிகைக் கணக்கில் எனக்கு ஒரு இடம் புரியவில்லை, கமிட்டியில் யாரிடமும் கேட்பதற்கு முன்னால் உங்களிடம் கேட்க வேண்டும் என்று வந்தேன்” என்று தொடங்கினால் போதும். தாளைக் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனம் எவ்வளவு நீண்டாலும் அதை நிரப்ப முற்படாதீர்கள். அக்காவின் நிச்சயதார்த்தத்தை நீங்களாகக் குறிப்பிடவும் வேண்டாம்.

தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் கதை சொல்லி அவர் பாவத்தை உணர்த்தியதுபோலச் செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ராஜாவிடம் பேசப்போனவருக்கு அது வேண்டியிருந்தது. உங்களை வளர்த்தவரிடம் கதை கட்டிக்கொண்டு போனால், வலை விரித்துவிட்டான் என்றே அவர் நினைப்பார். ஆனால் நாத்தானிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. பிரசங்கங்களில் அது அதிகம் பேசப்படுவதில்லை. “நீயே அந்த மனுஷன்” என்று சொன்ன அதே 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில், சாலொமோன் பிறந்தபோது, குழந்தைக்கு யெதிதியா என்று பேரிடுவதற்கு மறுபடியும் அனுப்பப்பட்டவர் நாத்தானே. தாவீது படுக்கையில் தளர்ந்து கிடந்த நாட்களில், அவருடைய வாக்கை நினைவூட்டி ராஜ்யத்தைக் காத்தவரும் அவரே. கண்டித்த மனிதர் கடைசி வரை அந்த வீட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்தார்.

மறுமொழி 2
கணக்குத் துறையில் இருக்கும் சகோதரி

குருவானவர் ஐயா சொன்னவற்றோடு, கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் சில காரியங்களைச் சேர்க்க விரும்புகிறேன். பெரியப்பாவிடம் போவதற்கு முன்பு இவற்றைப் பார்த்துவிடுங்கள், தம்பி.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பொருளை எடுத்தவர்கள் எல்லாரும் அன்றைக்கே கையில் பணம் கொடுப்பதில்லை. “பெயரை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் தருகிறேன்” என்பார்கள். பல சபைகளில் பெயரை எழுதும்போதே ரசீதும் எழுதிவிடுகிறார்கள்; இது தவறான பழக்கம் என்றாலும் மிகவும் பரவலான பழக்கம். அப்படி எழுதியிருந்தால் அடிக்கட்டையில் இருக்கிற தொகை முழுவதும் பெரியப்பாவின் கைக்கு வந்திருக்காது. ஏலப் பாக்கி என்று ஒரு நோட்டு தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சமையல்காரருக்கும் பாத்திர வாடகைக்கும் பந்தலுக்கும், வசூலான ரொக்கத்திலிருந்தே நேராகக் கொடுத்துவிட்டு, வங்கியில் மீதியை மட்டும் செலுத்தியிருக்கவும் கூடும். அதற்கான வவுச்சர்கள் ஒரு மஞ்சள் பைக்குள் கிடக்கலாம். நான் பார்த்த கிராமச் சபைக் கணக்குகளில் இப்படிக் கிடந்தவை உண்டு.

இதனால்தான் குற்றச்சாட்டோடு போகாமல் கேள்வியோடு போக வேண்டும் என்கிறேன். யோசுவா 22ஆம் அதிகாரத்தில், யோர்தானுக்கு அருகே இஸ்ரவேலின் இரண்டரைக் கோத்திரத்தார் ஒரு பெரிய பலிபீடத்தைக் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டவுடன், மற்றக் கோத்திரத்தார் யுத்தத்துக்கே கூடிவிட்டார்கள். ஆனாலும் படையெடுப்பதற்கு முன்பாக ஆசாரியனின் மகன் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பிக் கேட்டார்கள். விளக்கம் கேட்டபோதுதான் அது பலியிடுவதற்கான பீடம் அல்ல, வருங்காலப் பிள்ளைகளுக்குச் சாட்சியாக வைத்த அடையாளம் என்று தெரிந்தது. அந்த ஒரு பயணம் நடக்காமல் போயிருந்தால் சகோதரர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

கேட்ட பிறகு பணம் உண்மையாகவே எடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், அப்போது மூன்று காரியங்களில் கண்டிப்பாயிருங்கள். அம்மா சொன்னபடி நீங்கள் இரகசியமாகக் கட்டிவிடக் கூடாது. அது பெரியப்பாவுக்கு உதவியாகாது. நாளைக்கு அந்த வரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்கள் இருவரையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். முன்தேதியிட்டு எந்த ரசீதும் வவுச்சரும் எழுத ஒத்துக்கொள்ளாதீர்கள். திரும்பச் செலுத்தப்படும் பணம் செலுத்தப்படுகிற தேதியிலேயே, வங்கி வழியாக, சரியான விவரத்தோடு வரட்டும். அடுத்து, அடிக்கட்டைகளையும் பாஸ்புத்தகப் பக்கங்களையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவரைச் சந்தேகப்படுவதற்காக அல்ல. பின்னொரு நாளில் தொகை ஊர்வாயில் பெருகிவிடாமல் இருப்பதற்காக. ஊரில் 80,000 ரூபாய் இரண்டு லட்சமாவதற்கு ஒரு வாரம் போதும். அப்படி ஆகும்போது அவரைக் காப்பாற்றப்போவது அந்த நகல்தான்.

இன்னொன்றையும் மனபாரத்தோடு சொல்கிறேன். ஒரே மனிதரிடம் ரசீதுப் புத்தகத்தையும் ரொக்கப் பெட்டியையும் பாஸ்புத்தகத்தையும் ஆண்டுக்கணக்கில் கொடுத்துவைத்துவிட்டு, அவர் நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருப்பது அவர்மேல் நாம் காட்டுகிற அன்பு அல்ல. யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயப் பெட்டியில் பணம் நிறைந்தபோது, ராஜாவின் சம்பிரதி என்கிற எழுத்தரும் பிரதான ஆசாரியனும் இருவருமாக வந்து எண்ணினார்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைப் பவுல் தனியாகச் சுமந்துபோகவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரனும் கூடவே போகும்படி ஏற்பாடு செய்து, ஒருவனும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று காரணத்தையும் எழுதினார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட அந்தப் பாதுகாப்பை உங்கள் பெரியப்பாவுக்குச் சபை தரவில்லை. ஆகவே இந்தக் குறையில் கமிட்டிக்கும் பங்கு இருக்கிறது என்பதைக் கூட்டத்தில் யாராவது சொல்ல வேண்டும். அதை நீங்களே சொன்னால் நல்லது.

மறுமொழி 3
சமூகப்பணியில் இருப்பவர், மதுரை

மேலே சொல்லப்பட்டவற்றை மதிக்கிறேன். பணக்கணக்கில், அதுவும் பாசமுள்ள இருவருக்கிடையே, முதலில் தனியாகப் பேசுவது சரியே. ஆனால் இந்த இழையை வேறு பிரச்சினைகளோடு வருகிறவர்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும்: “முதலில் தனியாகப் போ” என்கிற வார்த்தை எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தாது.

விடுதியிலோ ஞாயிறு பள்ளியிலோ வீட்டிலோ ஒரு குழந்தை பாலியல் துன்பத்துக்கு ஆளானது தெரிந்தால், செய்தவரிடம் தனியாகப் போய்ப் பேசுவது அவருக்குச் சாட்சியங்களை அழிக்கவும் குழந்தையை மிரட்டவும் அவகாசம் கொடுப்பதாகும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அது தெரிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருந்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். குருவானவருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் கமிட்டிக்கும் இதில் விலக்கு இல்லை. 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவிமையத்தை அழைக்கலாம். இதைச் சபைப் பெரியவர்கள் கூடிப் “பேசி முடிக்கிற” காரியமாக யாரும் எண்ண வேண்டாம். அதே மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், 15ஆம் வசனத்துக்கு முன்பாகவே 6ஆம் வசனம் இருக்கிறது: இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனுடைய கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டி, சமுத்திரத்தின் ஆழத்திலே அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்கிறார் ஆண்டவர். அந்த வரிசையிலேயே நாமும் நடக்க வேண்டும்.

கணவனிடம் அடிபடுகிற பெண்ணிடமும் இந்த வசனத்தைக் காட்டி, “நீ தனியாகப் பேசிப் பார்த்தாயா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தனியாக இருப்பதே அவளுக்கு ஆபத்து. இருவருக்கும் சம பலம் இருக்கிற இடத்தில், அல்லது பேசப்போகிறவருக்குத் தீங்கு நேராது என்று நிச்சயமாகத் தெரிகிற இடத்தில்தான் தனிப்பேச்சு அன்பின் வழியாக இருக்கும். மற்ற இடங்களில் அது பலவீனரைப் பலவானிடம் ஒப்புக்கொடுப்பதாகிவிடும்.

கேள்வி கேட்ட சகோதரருக்கு: உங்கள் காரியம் இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. ஆனால் பெரியப்பாவைத் தனியாகச் சந்திப்பதற்கும் கமிட்டிக்குத் தெரிவதற்கும் இடையே எவ்வளவு நாள் என்பதை முன்கூட்டியே உங்கள் மனதில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எல்லையில்லாத அவகாசத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

மறுமொழி 4
கத்தோலிக்க வாசகர், குமரிக் கடற்கரை

எங்கள் மரபில் “சகோதரத் திருத்தம்” என்று சொல்லப்படுகிற காரியம் இது. இறையியல் அறிஞரான புனித தாமஸ் அக்குவினாஸ் இதை நீதியின் கீழ் மட்டும் வைக்காமல், இரக்கச் செயலாக, அன்பின் கடமையாக வைத்துப் பேசியிருக்கிறார். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைத் திருத்தலாமா என்ற கேள்வியையும் எடுத்துக்கொண்டு, மரியாதையோடும் தனிமையிலும் செய்யலாம் என்று பதில் சொல்கிறார். ஆகையால் வயதில் இளையவர் என்பதற்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது பேச்சுக்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், தவறு செய்தவரை மூத்தவர்கள் இரண்டு முறை தனியாக எச்சரிக்க வேண்டும், திருந்தாவிட்டால் எல்லார் முன்னிலையிலும் கண்டிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்குச் சில அதிகாரங்கள் தள்ளி ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்: விலக்கிவைக்கப்பட்ட சகோதரரிடம், முதிர்ந்த ஞானமுள்ள சில சகோதரர்களை மடத்தின் தலைவர் மறைவாக அனுப்பி, அவர் மிகுந்த துயரத்தில் மூழ்கிப்போகாதபடி ஆறுதல் சொல்லவைக்க வேண்டும். தண்டனை கொடுத்த அதே தலைவர்தான் ஆறுதலுக்கும் ஆளை அனுப்புகிறார்.

உங்கள் பெரியப்பாவின் வயதொத்த, அவர் மதிக்கிற ஒருவர் ஊரில் இருப்பார். காரியம் கமிட்டிக்கு வந்த பிறகு, அவர் தினமும் மாலையில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும்படி செய்யுங்கள். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மழையைப் பற்றியும் வாழைவிலையைப் பற்றியும் பேசினாலே போதும். அவமானத்தால் ஒரு மனிதர் வீட்டுக்குள் முடங்கும் நாட்களே ஆபத்தானவை. அந்த நாட்களில் நீங்களே போனால் அவருக்குப் பேச முடியாமல் இருக்கலாம். வேறொருவர் போக வேண்டும்.

கேள்வி கேட்டவரின் பதில்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கணக்குத் துறைச் சகோதரி சொன்னபடி ஏலப் பாக்கி நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் 17,000 ரூபாய் அளவுக்கு வராத பாக்கி இருக்கிறது. பந்தல்காரரின் பில் ஒன்றும் கிடைத்தது. இரண்டையும் கழித்தாலும் ஏறக்குறைய 50,000 ரூபாய்க்கு விளக்கம் இல்லை. ஆகவே இந்த வாரம் வியாழக்கிழமை பெரியப்பாவிடம் போகத் தீர்மானித்துவிட்டேன்.

ஐயாவிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அவர் உண்மையை ஒப்புக்கொண்டு, “கல்யாணம் முடிகிற வரைக்கும் யாரிடமும் சொல்லாதே, அதற்குப் பிறகு கட்டிவிடுகிறேன்” என்று என் கையைப் பிடித்துக் கேட்டால் நான் என்ன சொல்வது? ஆண்டுக் கூட்டம் கல்யாணத்துக்கு முன்பே வருகிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் அக்காவின் வாழ்க்கை என்னவாகும் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதில் அக்கா ஒரு பாவமும் அறியாதவள்.

மறுமொழி 5
ஓய்வுபெற்ற குருவானவர்

தம்பி, அவர் அப்படித்தான் கேட்பார் என்று எதிர்பார்த்தே போங்கள். இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். அதே வேளையில், “நான் சொல்லப்போகிறேன்” என்றும் அவரிடம் சொல்ல வேண்டாம். “நீங்களே சொல்லுங்கள், பெரியப்பா; நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்” என்று சொல்லுங்கள். தாமே முன்வந்து அறிக்கையிட்ட மனிதரைச் சபை பார்க்கிற விதம் வேறு, பிடிபட்ட மனிதரைப் பார்க்கிற விதம் வேறு. அந்த வாய்ப்பு அவர் கையில் இருப்பது, நீங்கள் அவருக்காகக் காத்திருக்கிற சில நாட்கள் மட்டுமே. மதுரைச் சகோதரர் சொன்னபடி அந்த நாட்களுக்கு ஓர் எல்லை வையுங்கள். அந்த எல்லையை அவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எல்லாரையும் கூட்டிவைத்து அறிவிக்க வேண்டியது இல்லை. அவர் முதலில் சேகர குருவானவரிடம் போகட்டும். நீங்களும் கூடப் போங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே கமிட்டியை மட்டும் கூட்டி, அவர் எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டு, திரும்பச் செலுத்துவதற்கான தவணையையும் எழுதிக்கொடுத்து, பொருளாளர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால், ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை உள்ளபடியே வைக்க முடியும். “இந்தத் தொகை இன்னும் செலுத்தப்படவில்லை, பொறுப்பிலிருந்தவர் அதை ஏற்றுக்கொண்டு தவணை எழுதிக்கொடுத்திருக்கிறார்” என்று உண்மையாகவே படிக்கலாம். அங்கே யாராவது எழுந்து கேட்டால் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். கேட்காத வீடுகளுக்கு எல்லாம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

அக்காவின் காரியத்தில் எனக்கு எளிதான பதில் இல்லை. பெரியப்பாவே, கூட்டத்துக்கு முன்பு, அக்காவிடமும் பிறகு மாப்பிள்ளையின் தகப்பனாரிடமும் நேரில் போய்ச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன். கலியாணப் பந்தலில் மூன்றாம் மனிதர் வாயால் தெரிவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். அதனால் சம்பந்தம் நின்றுபோகவும் கூடும். அப்படி நேராது என்று உங்களுக்கு உறுதி சொல்ல என்னால் முடியாது. ஆனால் மறைத்து வைத்து நடத்திய திருமணத்தில், பிற்பாடு தெரியவரும்போது அந்தப் பாரத்தை முழுவதும் தனியாகச் சுமக்கப்போகிறவள் அந்தப் பெண்தான்.

நீங்கள் பணம் கொடுத்து உதவ நினைப்பதைச் சகோதரி தடுத்தார்கள். அது இரகசியமாகக் கொடுப்பதைப் பற்றியது. வெளிப்படையாகக் கொடுப்பதற்குத் தடை இல்லை. பவுல் ஒநேசிமு என்ற அடிமையை அவனுடைய எஜமானிடம் திருப்பி அனுப்பியபோது, அவன் செய்த அநியாயத்தை இல்லையென்று சொல்லவில்லை. கடன்பட்டது உண்டானால் “அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்” என்றார். நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று தம் சொந்தக் கையாலே எழுதியும் கொடுத்தார். பெரியப்பா எழுதிக்கொடுக்கிற தவணைத் தாளின் அடியில் நீங்களும் ஜாமீனாகக் கையெழுத்துப் போடலாம். அவர் உங்கள் கல்லூரிக்குக் கட்டிய பணத்துக்கு இதைவிடத் தகுந்த மறுமொழி எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகு உங்கள் அம்மாவும் உங்களை இரண்டகம் செய்தவன் என்று சொல்லமாட்டார்கள்.

அவர் கோபப்பட்டு, “இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே” என்று சொன்னாலும் வாக்குவாதம் செய்யாமல் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, அவர் மதிக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போங்கள். மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன இரண்டாம் படி அதுதான். அதுவும் பலிக்காமல் கமிட்டிக்கே காரியம் வந்துவிட்டால், அதற்குப் பிறகும் பொங்கலுக்குக் கரும்பு கொண்டுபோகிற வழக்கம் இருந்தால் அதை நிறுத்தாதீர்கள். அக்காவின் கலியாணத்தில் பந்தி பரிமாறுகிற வேலை எப்போதும் உங்களுடையது என்றால், அவர்கள் வேண்டாம் என்று சொல்கிற வரையில் போய்ப் பரிமாறுங்கள். வியாழக்கிழமை காலையில் நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன். போகும் நாள் மாறினால் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.